தேயிலைக்குப் புளிப்பு, கான்கிரீட்டுக்குக் காரம்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மாணவர்களே. குளிரைப் பற்றிச் சொல்வார்கள். ஸ்ட்ராபெர்ரி பழத்தைப் பற்றிச் சொல்வார்கள். கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும் தேயிலைச் சரிவுகளின் முன் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். அந்தத் தோட்டத்துக்குள் தங்களை ஏற்றிச் சென்ற ஒற்றையடிச் சாலையையோ, ஓடைக்கு மேல் போட்டிருந்த சிறுபாலத்தையோ எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சிறுபாலம் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு மட்டும் ஊரே அதைப் பற்றித்தான் பேசும்.

மலை ஊரின் நிலைமை அப்படி. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் கூட்டரசுச் சாலை, 1930-களின் தொடக்கத்திலிருந்து அந்த மலையின் உயிர்நாடி. ஜே.ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்து 1933-இல் பாரத் நிறுவனம் வந்தது. சரிவுகளை வெட்டி, செடி நட்டு, பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அன்று போட்ட பாதைகள் பல இன்றும் ஒரு லோரி மட்டும் போகக்கூடிய அகலத்திலேயே இருக்கின்றன. ஒன்று அடைபட்டால் சுற்றிப்போக வேறு வழி கிடையாது.

அதோடு பறித்த கொழுந்து காத்திருக்காது. கூடையிலும் சாக்கிலும் நெருக்கி அடைத்த இலை, சுவாசிப்பதை நிறுத்துவதில்லை; உள்ளுக்குள் சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். அதனால் பறித்த சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலையின் வாடல் தட்டுக்கு அது வந்து சேர வேண்டும். அதே சாலையில்தான் பள்ளிப் பேருந்தும் போகிறது. இரவில் பிரசவ வலி வந்தவரை ஏற்றிக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகும் வண்டியும் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பாலத்தின் மேல்தளம் பெயர்ந்துவிட்டால், அதைப் பழுதுபார்க்க எத்தனை நாள் சாலையை மூடலாம்?

சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டைக் கேட்டால் அது 28 நாள் என்று பதில் சொல்லும். கான்கிரீட்டின் வலிமையை அளக்கும் வழக்கமான கெடு அதுதான். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் மலையில் இரவு வெப்பநிலை 15 பாகைக்கு இறங்கும்போது அதுவும் தாமதமாகும். வெப்பம் குறைந்தால் வினைவேகம் குறையும் என்று வேதியியல் பாடத்தில் படித்தீர்களே, அது பரிசோதனைக் குழாயோடு நின்றுவிடுவதில்லை.

சிமெண்டு எப்படி இறுகுகிறது? தண்ணீர் காய்ந்து போவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியென்றால் தண்ணீருக்கு அடியில் பாலத்தின் கால்களை எப்படி வார்க்க முடியும்? சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். புதுத் தளத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, நாள்தோறும் தண்ணீர் தெளிக்கும் பழைய கொத்தனார் வேதியியல் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் செய்வது சரியான வேதியியல்.

சிமெண்டுத் தூளில் முக்கியமாக நான்கு சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு கால்சியம் சிலிக்கேட் வகை. நிதானமானவை, நெடுநாள் வலிமையைத் தருபவை இவையே. மூன்றாவது கால்சியம் அலுமினேட், பொறுமையில்லாதது. தண்ணீர் பட்டவுடன் வினைபுரிந்து, கரண்டியைக்கூட எடுக்க விடாமல் கலவையைக் கல்லாக்கிவிடும். அதனால்தான் ஆலையிலேயே தூளோடு சிறிதளவு ஜிப்சம் அரைத்துச் சேர்க்கிறார்கள். ஜிப்சம் அந்த அலுமினேட்டை அடக்கி வைக்கிறது. நான்காவதான இரும்புச் சேர்மம் சிமெண்டுக்குச் சாம்பல் நிறத்தைத் தருவதோடு சரி. ஆகவே வேகம் என்பது சிமெண்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறோம். விரைவாக இறுகும் சிமெண்டுகளில் பெரும்பாலானவை, இந்த அலுமினேட்டின் கடிவாளத்தை எவ்வளவு தளர்த்துவது என்ற கணக்கில் பிறந்தவைதான்.

(இடையில் ஒன்று. தேநீரில் போடும் சீனியை மிகச் சிறிய அளவில் கலந்தாலே போர்ட்லண்ட் சிமெண்டு இறுகுவது வெகுவாகத் தள்ளிப்போகும். கலவை லோரி வழியில் பழுதாகி நின்றுவிட்டால், உள்ளே இருப்பது கல்லாகிவிடாமல் இருக்கச் சீனி மூட்டையைக் கொட்டுவது கட்டுமானத் தொழிலில் பழைய வைத்தியம்.)

இந்த வகையில் இன்று பழுதுபார்ப்பு வேலைக்கு அதிகம் பேசப்படுவது கால்சியம் சல்போ அலுமினேட் சிமெண்டு. சீனாவில் 1970-களில் பெரிய அளவில் வளர்த்தெடுக்கப்பட்டது. தண்ணீர் சேர்ந்ததும் இதில் ஊசி ஊசியாக எட்ரிங்கைட் என்னும் படிகங்கள் வளர்கின்றன. ஓர் எட்ரிங்கைட் அலகு 32 நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கலவைக்கு ஊற்றிய தண்ணீரின் பெரும்பகுதி இப்படிப் படிகத்துக்குள்ளேயே போய்விடுவதால், பின்னால் உலர்ந்து சுருங்கி வெடிப்பு விடுவது குறைவு. கால் மணியிலிருந்து அரை மணிக்குள் கெட்டிப்பட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் 20 மெகாபாஸ்கல் அளவு வலிமைக்கு வந்துவிடும். அதாவது விரல் நக அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 200 கிலோ எடையைத் தாங்கும் நிலை. லோரியை விடலாம்.

அமெரிக்காவின் சியாட்டல்-டகோமா விமான நிலையத்தில் 1990-களிலிருந்து ஓடுபாதையின் பழுதான பகுதிகளை இரவில் பெயர்த்தெடுத்து, இவ்வகைச் சிமெண்டால் வார்த்து, காலையில் விமானங்களுக்குத் திறந்துவிட்டார்கள். விமான நிலையத்துக்கு இருக்கும் அவசரம் தேயிலைத் தோட்டத்துக்கும் இருக்கிறது என்பதுதான் என் வாதம், பணம்தான் இல்லை. இந்தச் சிமெண்டின் விலை சாதாரண சிமெண்டைப் போல் பல மடங்கு. கலக்கிய பத்து நிமிடத்துக்குள் கொட்டிச் சமப்படுத்தப் பழகிய கைகளும் வேண்டும். கொஞ்சம் அவகாசம் வேண்டுமானால் சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள், எலுமிச்சைக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம்.

இதைவிட அவசரமான ஒன்றும் உண்டு: மெக்னீசியம் பாஸ்பேட் சிமெண்டு. கடும் வெப்பத்தில் சுட்ட மெக்னீசியம் ஆக்சைடு ஒரு காரம். பாஸ்பேட் உப்பு அமிலத் தன்மை கொண்டது. தண்ணீரில் இரண்டும் சந்தித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். நீங்கள் ஆய்வகத்தில் செய்யும் நடுநிலையாக்கல் வினைதான், இங்கே உப்புக் கரைசலுக்குப் பதிலாகக் கல் கிடைக்கிறது. பழைய கான்கிரீட்டோடு உறுதியாக ஒட்டிக்கொள்ளும். அம்மோனியம் பாஸ்பேட்டில் செய்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். கனமாக வார்த்தால் கலவை கொதிப்பதுபோல் சூடேறும். விமான ஓடுபாதையில் ஒரு குழியை அடைக்க நல்லது. பாலம் கட்ட உதவாது.

வேகம் என்றாலே மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்குப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. ஜூல் பியே என்ற பிரெஞ்சுக்காரர், சல்பேட் கலந்த நீரில் சாதாரண சிமெண்டு அரித்துப் போவதைக் கண்டு, அதற்கு ஈடுகொடுக்கும் ஒரு சிமெண்டைத் தேடினார். லாஃபார்ஜ் நிறுவனத்துக்காக 1908-இல் அவர் உரிமம் பெற்றது உயர் அலுமினா சிமெண்டு. ஒரே நாளில், போர்ட்லண்ட் சிமெண்டு ஒரு மாதத்தில் பெறும் வலிமையை அது பெற்றுவிடும். முதல் உலகப் போரில் பீரங்கி மேடைகளை அவசரமாக அமைக்கப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பள்ளிகளும் கட்டடங்களும் வேகவேகமாக எழும்பியபோது, தொழிற்சாலையிலேயே வார்த்த உத்திரங்களுக்கு இதை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். காலையில் வார்த்து மறுநாள் அச்சிலிருந்து எடுத்துவிடலாம் என்பது எவ்வளவு பெரிய லாபம்!

1974 பிப்ரவரியில் லண்டன் ஸ்டெப்னியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளக் கூரை இடிந்து விழுந்தது. ஆராய்ந்தபோது தெரிந்தது: அந்தச் சிமெண்டில் முதலில் உருவாகும் படிகங்கள் நிலையற்றவை. காலப்போக்கில் அவை வேறொரு படிகமாக மாறுகின்றன. புதிய படிகம் அடர்த்தி கூடியது, இடம் குறைவாக எடுத்துக்கொள்வது. அதனால் உள்ளே நுண்துளைகள் பெருகி, வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். இந்த மாற்றத்தை விரைவுபடுத்துபவை இரண்டு: வெப்பம், ஈரம். நீச்சல்குளத்தின் கூரைக்கடியில் இரண்டும் இருந்தன. பிரிட்டனில் பளு தாங்கும் உத்திரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது அதோடு கைவிடப்பட்டது.

வெப்பமும் ஈரமும் இரண்டும் சேர்ந்த நாடு எது என்று மலேசிய மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குளிரில் நன்றாக உழைத்த ஒரு பொருள், நம் நாட்டில் அதேபோல் உழைக்கும் என்று விளம்பரத் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. கேமரன் மலை நமக்குக் குளிராகத் தெரியலாம். ஐரோப்பிய அளவில் அது மிதமான வெப்பம்தான். ஈரத்துக்கோ பஞ்சமே இல்லை.

அங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது செழிக்கும். கான்கிரீட்டுக்கோ நேர் எதிரான சுபாவம். அதன் உள்ளே பி.எச். 12.5-க்கு மேல் இருக்கிறது. அந்தக் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி, துருப்பிடிக்காமல் காக்கிறது. பி.எச். அளவுகோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு வித்தியாசம். அப்படியானால் தேயிலையின் வேருக்கும், பக்கத்திலேயே புதைந்திருக்கும் சிறுபாலத்தின் சுவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சரிவில் ஊறி வரும் மழைநீர் உப்புகள் அதிகம் இல்லாத மென்னீர். அதோடு இலேசான அமிலம். அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். பழைய பாலத்தின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்து உறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வெளியேறிய சுண்ணாம்புதான் அது. இதைவிடக் கொடியது உரம். தேயிலைக்கு வழக்கமாக இடப்படும் உரங்களில் அம்மோனியம் சல்பேட் ஒன்று. இது மண்ணைப் புளிக்க வைக்கும், தேயிலைக்கு அது பிடிக்கும். ஈரமான கான்கிரீட்டில் பட்டால், அங்குள்ள கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்; மிஞ்சுவது கால்சியம் சல்பேட். காரம் போய்விட்டது, சல்பேட் உள்ளே புகுந்து உப்ப வைக்கிறது. கான்கிரீட்டுக்கு மிக மோசமான எதிரிகளின் பட்டியல் எழுதினால், அம்மோனியம் சல்பேட்டுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. உரக் கொட்டகையின் தரை மற்ற தரைகளைவிட விரைவாகப் பொரிந்து போவதற்குக் காரணம் இதுதான்.

காரம் குறைந்ததும் கம்பியின் பாதுகாப்புப் படலம் போய்விடும். துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளேயிருந்து தள்ளும். மேலே உள்ள கான்கிரீட் பிளந்து, பாளம் பாளமாக விழும். அப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நோய் தொடங்கியது பல ஆண்டுகளுக்கு முன்பு.

இப்போது பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். நான் மேலே புகழ்ந்த சல்போ அலுமினேட் சிமெண்டுக்கு ஒரு குறை இருக்கிறது. அதன் காரத்தன்மை போர்ட்லண்ட் சிமெண்டைவிடக் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு அதனுள் சீக்கிரம் இறங்கும். கம்பி இல்லாத சாலைப் பலகைக்கு இது பெரிதல்ல. கம்பி நிறைந்த, புளிப்பு மண்ணில் புதைந்த சிறுபாலச் சுவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே சிறுபாலத்தில் மேல்தளத்துக்கு ஒன்று, சுவருக்கு வேறொன்று என்று முடிவெடுக்க வேண்டி வரலாம். சுவரைப் பழுதுபார்க்கச் சாலையை மூட வேண்டியதில்லையே! அங்கே பாலிமர் கலந்த சாதாரண சிமெண்டுச் சாந்து நிதானமாக இறுகட்டும். எல்லாவற்றுக்கும் வேகம் தேவையில்லை.

உரக் கொட்டகைத் தரைக்கு இன்னொரு வாய்ப்பு ஜியோபாலிமர். 1970-களில் பிரான்சின் ஜோசப் டேவிடோவிட்ஸ் வைத்த பெயர் இது. போர்ட்லண்ட் சிமெண்டே இல்லாமல், நிலக்கரி மின்நிலையத்தின் பறக்கும் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ காரக் கரைசலால் தூண்டிவிட்டுக் கல்லாக்குவது. இதில் கால்சியம் ஹைட்ராக்சைடு பெரிதாக இல்லை. அமிலம் கரைத்தெடுக்க அங்கே அதிகம் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகருக்கு 2014-இல் அமைத்த வெல்கேம்ப் விமான நிலையத்தில் ஏறக்குறைய 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் கான்கிரீட் போடப்பட்டது. நம் நாட்டில் மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. செம்பனை ஆலைக் கொதிகலன்களில் ஓடும் நாரும் எரிந்து மிஞ்சும் சாம்பலைச் சிமெண்டுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது பற்றி மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். குப்பையிலிருந்து கோட்டை என்று இதை எளிதாகப் புகழ்ந்துவிடலாம். ஆனால் ஒவ்வோர் ஆலையின் சாம்பலும் ஒவ்வொரு மாதிரி. அதோடு தூண்டும் கரைசலான சோடியம் ஹைட்ராக்சைடு தோலைப் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாத தோட்டத் தொழிலாளியிடம் வாளியில் கொடுக்கும் பொருள் அல்ல அது.

உயர் அலுமினா சிமெண்டுக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அது சாகவில்லை. கழிவுநீர்க் குழாய்களில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலத்தைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன். குழாயின் உட்பூச்சாக இன்றும் உழைக்கிறது. கூரையைத் தாங்கச் சொன்னதுதான் தவறு.

மலைச் சரிவுகளில் வெட்டிய மண்சுவரின் மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்திருப்பதையும் சாலை நெடுகக் காணலாம். அதன் பிறப்பு வேடிக்கையானது. கார்ல் ஏக்லி என்பவர் இறந்த விலங்குகளைப் பாடம்செய்து காட்சிக்கு வைக்கும் கலைஞர். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் வேலை செய்தார். 1907 வாக்கில் அந்தக் கட்டடத்தின் வெளிப்பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தபோது, சாந்தைக் குழாய் வழியாகக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் கருவி ஒன்றைச் செய்தார். யானைக்கும் கொரில்லாவுக்கும் உருவம் கொடுத்த கைதான் இன்று சுரங்கங்களையும் மலைச்சரிவுகளையும் காக்கும் தொழில்நுட்பத்துக்கு வழிவிட்டது. செங்குத்துச் சுவரில் அடித்த கலவை வழிந்து விழாமல் நிற்க வேண்டுமானால் சில நிமிடத்தில் கெட்டிப்பட வேண்டும். அதற்காகக் குழாய் முனையில் அலுமினியம் சல்பேட் போன்ற முடுக்கியைச் சேர்க்கிறார்கள். ஆனால் பின்னால் ஊறும் நீர் வெளியேறத் துளைகள் விடாமல் அடித்தால், எவ்வளவு விலையுயர்ந்த கலவையும் மண்ணின் அழுத்தத்தில் பெயர்ந்துவிடும். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் 2013 அக்டோபரிலும் ரிங்லெட் பகுதியில் 2014 நவம்பரிலும் நேர்ந்த சேற்று வெள்ளங்களில் உயிர்கள் போயின. அங்கே வெள்ளமாக வந்தது வெறும் நீர் அல்ல, மணலும் சேறும் மரத்துண்டும். அந்த நீர் ஓடும் வடிகாலின் அடித்தளத்தை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். அங்கே போடும் சாந்து வேகமாக இறுகினால் மட்டும் போதாது, தேய்மானத்தையும் தாங்க வேண்டும்.

பொருளைவிட முக்கியமானது கைவேலை. பழைய சட்டையில் ஒட்டுப் போடுகிறவர், துணி நைந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, நல்ல துணி வரும் இடத்தில்தான் தைப்பார். கான்கிரீட்டிலும் அப்படித்தான். துருப்பிடித்த கம்பிக்குப் பின்புறம் வரை குடைந்தெடுத்து, கம்பியைத் தேய்த்துத் துலக்கி, ஓரங்களை நேராக வெட்டி, பழைய பரப்பை நனைத்து, மேலே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, பிறகுதான் புதியதை வைக்க வேண்டும். ஈரமில்லாத பழைய கான்கிரீட், புதிய சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒட்டு வராது. இன்னொரு வினோதமும் உண்டு. ஒரு இடத்தை மட்டும் புதிய காரமான சாந்தால் அடைத்தால், அந்த இடத்துக்கும் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டுக்கும் இடையே மின்கலம் போன்ற நிலை உண்டாகி, ஒட்டைச் சுற்றியுள்ள கம்பி முன்னைவிட விரைவாகத் துருப்பிடிக்கலாம். அடைத்த இடம் உறுதியாக இருக்கும், அக்கம்பக்கம் உதிரும். கேமரன் மலையில் மட்டுமல்ல, உங்கள் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்திலும் இதைப் பார்க்கலாம்.

பொறியியல், வேதியியல் படிக்க நினைப்பவர்கள் இதை இப்போதே சோதித்துப் பார்க்க முடியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவப்பாவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். மஞ்சள் ஒரு காரங்காட்டி. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பினால்ப்தலீன் அதே வேலையை இன்னும் கறாராகச் செய்யும்; பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர்களும் இதையே கொண்டு போகிறார்கள். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பழைய கான்கிரீட் துண்டு ஒன்றை ஆசிரியரின் உதவியோடு இரண்டாகப் பிளந்து, புதிய முகத்தில் அதைத் தெளியுங்கள். காரம் இன்னும் இருக்கும் உட்பகுதி இளஞ்சிவப்பாக மாறும். வெளி ஓரத்தில் ஒரு பட்டை நிறம் மாறாமல் நிற்கும். அந்தப் பட்டையின் அகலத்தை அளவுகோலால் அளந்து, துண்டு எடுத்த இடத்தையும் கட்டடத்தின் வயதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதையும் அளந்தால், காரம் அற்ற எல்லை கம்பியை அடைய இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.